சுத்திகரித்த கழிவுநீரின் கசட்டில் கன உலோகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணிப்பேட்டைப் பக்கம் தண்ணீரும் கசடும் சோதனை செய்யும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். சாம்பிள் பாட்டிலோடு வருகிறவர்கள் ரிப்போர்ட்டை வாங்கியதும் கிளம்பிவிடுவதில்லை. "இதில் குரோமியம் இருக்கா, இல்லையா?" என்று தொடங்கி அரை மணி நேரமாவது கேட்பார்கள். விவசாயிகள், டேனரியில் வேலை செய்கிறவர்கள், வேலூர்க் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டதை இங்கே எழுதி வைக்கிறேன். இதில் நிறைய விஷயம் சுரங்கக் கழிவுநீரைப் பற்றியது. அதற்கும் நமக்கும் என்ன உறவு என்பது இரண்டாவது பதிலில் வரும்.

சுத்திகரிப்பு நிலையத்துக்குள் போன உலோகம் என்ன ஆகிறது?

எங்கும் போவதில்லை. கொழுப்பு, புரதம் போன்றவற்றை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். குரோமியம், ஈயம், காட்மியம் எல்லாம் தனிமங்கள்; அவற்றை எந்த உயிராலும் தின்று தீர்க்க முடியாது. தண்ணீரில் கரைந்திருந்தது அடியில் உட்காரும் கசட்டுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். அங்கே அதைப் பிடித்து வைத்திருப்பவை சில கனிமங்கள். அந்தப் பிடி உறுதியாக இருக்கும்வரை பக்கத்துக் கிணறு பிழைத்தது. பிடி எதனால் தளரும் என்று தெரிந்துகொள்ளாமல் கசட்டைக் கையாளக் கூடாது. இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவது அதைத்தான்.

வேலூர்ப் பக்கம் பெரிய சுரங்கமே இல்லையே, சுரங்கக் கழிவுநீர் நமக்கு எதற்கு?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை ஊர்களில் தோலைப் பதனிடும் குரோம் உப்பு மண்ணிலிருந்து வந்ததுதான். குரோமைட் என்ற கருப்புத் தாதுவைச் சோடாவோடு சேர்த்து உலையில் வறுத்து டைகுரோமேட் ஆக்குகிறார்கள். அதிலிருந்துதான் டேனரிக்கு வரும் பச்சைநிற குரோமியம் சல்பேட் தூள். இந்தியாவின் குரோமைட் இருப்பில் மிகப் பெரும்பங்கு ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில் இருக்கிறது. அங்கே சுரங்கக் குழிகளில் ஊறும் தண்ணீரில் ஆறு இணைதிற குரோமியம், அதாவது குரோமேட் என்ற நச்சு வடிவம், வருகிறது. அதை அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்பேட், போட்டுப் படியவைக்கிறார்கள். நம் ஊரிலும் அதே உலோகத்துக்கு அதே மருந்து. சுரங்கத்தில் கற்ற பாடம் அப்படியே இங்கே பொருந்தும்.

இன்னொரு உறவும் உண்டு. கோலார் தங்கவயலில் வேலை செய்தவர்களில் ஏராளமானோர் வட ஆற்காட்டிலிருந்து போன குடும்பங்கள். 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகும் அங்கே அரைத்த பாறைத்தூள் மேடு மேடாக நிற்கிறது. ஊரார் அதைச் சயனைடு மேடு என்கிறார்கள். தாதுவைத் தோண்டியதும் வேலை முடிந்துவிடுவதில்லை, மிச்சத்தை யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அந்தக் குடும்பங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சுரங்கத் தண்ணீர் ஏன் அமிலமாகிறது?

பல தாதுப் பாறைகளில் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் இருக்கும். பூமிக்குள் காற்றுப் படாமல் இருக்கும்வரை அது சாது. வெட்டி வெளியே போட்டதும் காற்றும் மழைநீரும் பட்டு, பாக்டீரியாவும் கைகொடுக்க, கந்தக அமிலமாகவும் கரைந்த இரும்பாகவும் மாறுகிறது. அந்த அமிலம் பாறையிலுள்ள செம்பு, துத்தநாகம், காட்மியம், ஆர்சனிக் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு வருகிறது. மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்ட் செம்புச் சுரங்கத்திலும், மேகாலயாவின் ஜைந்தியா மலை நிலக்கரிக் குழிகளிலும் நடப்பது இதுதான். இதைச் சுண்ணாம்பு போட்டு நடுநிலைக்குக் கொண்டுவரும்போது கரைந்த இரும்பு காவி நிறத்தில் கசடாக விழும். விழும்போது மற்ற உலோகங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும்.

கனிமம் உலோகத்தைப் "பிடிக்கிறது" என்றால் என்ன அர்த்தம்?

இரும்புச்சத்து அதிகமுள்ள போர் தண்ணீரை ஒரு வெள்ளை பக்கெட்டில் பிடித்து ராத்திரி முழுக்க வைத்துப் பாருங்கள். பிடித்தபோது தெளிவாக இருந்த தண்ணீரில் காலையில் மேலே ஒரு மெல்லிய ஏடு, அடியில் செம்பழுப்பு வண்டல். விரலால் தொட்டால் வழவழவென்று இருக்கும், நகக்கண்ணில் ஒட்டினால் சீக்கிரம் போகாது. இப்படிப் புதிதாகப் படியும் இரும்புத் துருவின் பெயர் ஃபெரிஹைட்ரைட். கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகள்கள் அவை. ஒரு கிராம் ஃபெரிஹைட்ரைட்டின் மேற்பரப்பை விரித்தால் 200 சதுர மீட்டருக்கு மேல் வரும். நம் கணக்கில் ஐந்து சென்ட் மனை! ஒரு கிராமுக்குள் அத்தனை இடம் இருப்பதால்தான் உலோகம் வந்து ஒட்ட முடிகிறது.

பிடி மூன்று விதம். முதலாவது, துகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வது. லேசாக ஒட்டியதை உப்புத் தண்ணீரே கழுவிவிடும்; இரும்பு ஆக்சைடின் ஆக்சிஜனோடு நேராகப் பிணைந்தது அவ்வளவு சீக்கிரம் வராது. இரண்டாவது, கனிமம் உருவாகும்போதே அதன் கட்டமைப்புக்குள் உலோகம் போய் உட்காருவது. சுவர் எழுப்பும்போதே செங்கலோடு செங்கலாக வைத்துப் பூசிவிட்ட மாதிரி. சுவரை இடிக்காமல் அதை எடுக்க முடியாது. மூன்றாவது, உலோகமே ஹைட்ராக்சைடாகவோ கார்பனேட்டாகவோ சல்ஃபைடாகவோ தனிக் கனிமமாகப் படிவது. ஒரே கசட்டில் மூன்றும் கலந்துதான் இருக்கும். எவ்வளவு எந்த விதத்தில் என்பதுதான் விஷயம்.

எந்தக் கனிமம் எந்த உலோகத்தைப் பிடிக்கும்?

தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்தான் பிஎச்; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். அது எவ்வளவு என்பதைப் பொறுத்து உருவாகும் கனிமமே மாறும். பிஎச் 3க்குக் கீழே ஜாரோசைட் என்ற மஞ்சள் கனிமம் வரும், ஈயம் அதன் கட்டமைப்புக்குள் நுழையும். 3, 4 என்ற அளவில் ஷ்வெர்ட்மனைட். நுண்ணோக்கியில் பார்த்தால் ஊமத்தங்காய் மாதிரி உருண்டையாக, சுற்றிலும் முள்ளாக இருக்கும். இதற்குள் சல்பேட் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஆர்சனேட்டும் குரோமேட்டும் மாறி உட்காரும். அமிலச் சுரங்கநீரில் ஆர்சனிக்கை இயற்கையாகவே பிடித்து வைப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. பிஎச் 4.5ஐத் தாண்டும்போது அலுமினியம் வெள்ளையாகப் படியும். நடுநிலையை நெருங்கினால் ஃபெரிஹைட்ரைட்.

மாங்கனீசு ஆக்சைடு கருப்பாக, அளவில் கொஞ்சமாகத்தான் இருக்கும். ஆனால் கோபால்ட், நிக்கல், ஈயம் மூன்றையும் அது பிடிக்கும் பிடி வலுவானது. கால்சைட் காட்மியத்தைப் பிடிக்கும், ஏனென்றால் காட்மியம் அயனி கால்சியம் அயனியின் அளவுக்கு மிக அருகில் இருக்கிறது. ஜிப்சத்தை நம்ப வேண்டாம். சுண்ணாம்பு போட்ட கசட்டில் மூட்டை மூட்டையாக இருக்கும், உலோகம் பிடிப்பதில் அதன் பங்கு சொற்பம்.

காற்றுப் புகாத சேற்றில் கதையே வேறு. அங்கே பாக்டீரியாக்கள் சல்பேட்டைச் சல்ஃபைடாக மாற்றும். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் கருப்புச் சேறு அதுதான். செம்பு, ஈயம், துத்தநாகம், காட்மியம் எல்லாம் சல்ஃபைடாகி, கிட்டத்தட்டக் கரையவே கரையாத நிலைக்குப் போய்விடும். அந்தச் சேற்றை அள்ளி வெயிலில் பரப்பினால் பைரைட்டுக்கு நடந்ததே இதற்கும் நடக்கும். நல்ல எண்ணத்தோடு தூர் வாரி, உலோகத்தை அவிழ்த்து விட்டவர்கள் உண்டு.

பிஎச் ஏன் அவ்வளவு முக்கியம்?

இரும்புத் துருவின் மேற்பரப்புக்கு மின்னூட்டம் உண்டு. அமிலத்தில் நேர்மின்னூட்டம், காரத்தில் எதிர்மின்னூட்டம். ஈயம், செம்பு, துத்தநாகம் நேர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் பிஎச் ஏற ஏற நன்றாக ஒட்டும். ஈயம் முந்திக்கொள்ளும், அப்புறம் செம்பு, அதற்குப் பிறகு துத்தநாகம், கடைசியில் காட்மியம். ஆர்சனேட், குரோமேட் இரண்டும் எதிர்மின்னூட்டம் கொண்டவை, அவை நேரெதிர். பிஎச் ஏறினால் பிடியை விட்டு வெளியே வரும். சுண்ணாம்பை அள்ளிக் கொட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நினைப்பு இங்கேதான் இடறுகிறது. துத்தநாகமும் நிக்கலும் படிய பிஎச் 9, 10 வேண்டும். அந்த அளவுக்குப் போனால் அலுமினியம் திரும்பக் கரைய ஆரம்பிக்கும்.

குரோமியத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம்?

ஏனென்றால் ஒரே உலோகத்துக்கு இரண்டு குணம். டேனரியில் பயன்படுவது மூன்று இணைதிற குரோமியம். வழக்கமான முறையில், தோலைச் சுழற்றிப் பதனிடும் டிரம்மில் போட்ட குரோமில் 60 முதல் 70 சதவீதம் தோலில் ஏறும், மிச்சம் கழிவுநீரோடு வரும். அந்த நீலப்பச்சைத் தண்ணீரில் சுண்ணாம்புப் பாலோ மக்னீசியம் ஆக்சைடோ சேர்த்து பிஎச்சை 8க்கு மேல் கொண்டுவந்தால் சாம்பல் பச்சையாகத் திரிந்து அடியில் உட்காரும். மேலே நிற்கும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். மக்னீசியம் ஆக்சைடில் படியவைத்ததைக் கந்தக அமிலத்தில் கரைத்துத் திரும்பவும் டிரம்முக்கே அனுப்பலாம். சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஊக்குவித்த முறை இது. என் கணக்கில் இதைவிட நல்ல வழி இல்லை. கசட்டில் போய்ச் சேராத குரோமியத்தை எந்தக் கனிமமும் பிடிக்க வேண்டியதில்லையே.

ஆறு இணைதிற குரோமியம், அதாவது குரோமேட், வேறு ஜாதி. புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானது. சுண்ணாம்புக்குப் படியாது, தண்ணீரோடு தண்ணீராக ஓடும். ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலையின் வளாகத்தில் லட்சக்கணக்கான டன் கசடு கொட்டிக் கிடந்ததும், மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் கசிந்ததும் இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த வகைக் கசட்டின் பிஎச் 11, 12 இருக்கும். அதில் கொஞ்சம் குரோமேட்டை எட்ரிங்கைட், ஹைட்ரோகலுமைட் என்ற சுண்ணாம்புக் கனிமங்கள் பிடித்து வைத்திருக்கும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டுப் பட்டு அந்தக் கனிமங்கள் கால்சைட்டாக மாறும்போது குரோமேட் விடுபடும். ஒரே மழையில் எல்லாம் கழுவிப் போய்விடாமல் வருடக்கணக்காக மஞ்சள் கசிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அன்னபேதி எப்படி வேலை செய்கிறது?

சோதனைச் சாலையில் ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பீக்கரில் எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் குரோமேட் தண்ணீர். பக்கத்தில் வெளிர்பச்சை அன்னபேதிக் கரைசல். முதல் சொட்டு விழுந்த இடத்திலேயே மஞ்சள் மங்கும். கலக்கிவிட்டு, கொஞ்சம் சுண்ணாம்பும் சேர்த்தால் அழுக்குப் பழுப்பில் திரிதிரியாகத் திரண்டு இறங்கும். அன்னபேதியிலுள்ள இரும்பு தான் துருவாகிக்கொண்டே குரோமியத்தை ஆறிலிருந்து மூன்றுக்கு இறக்குகிறது. ஒரு குரோமியத்துக்கு மூன்று இரும்பு. எடைக் கணக்கில் ஒரு கிராம் குரோமியத்துக்கு சுமார் 16 கிராம் அன்னபேதி. நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகவே போட வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இறங்கிய குரோமியம் தனியாக விழாமல் இரும்போடு ஒரே கனிமமாகக் கலந்து விழுகிறது என்பது. தனிக் குரோமியம் ஹைட்ராக்சைடைவிட இந்த இரும்பு-குரோமியக் கலப்புக் கனிமம் கரைவது இன்னும் கடினம். மருந்தே சிறையும் கட்டிவிடுகிறது.

ஆனால் 11, 12 பிஎச் உள்ள பழைய மேட்டில் அன்னபேதியைத் தெளித்தால் பலன் குறைவு. குரோமேட்டைச் சந்திக்கும் முன்பே இரும்பு படிந்துவிடும். அதிலுள்ள சல்பேட் எட்ரிங்கைட்டை மேலும் வளர்த்து மேடே உப்பிக்கொள்ளவும் கூடும்.

மூன்று ஒருநாள் ஆறாக மாறிவிடுமா?

மாறலாம். இரண்டு வழிகள் நமக்கு முக்கியம். ஒன்று நெருப்பு. சுண்ணாம்பு கலந்த டேனரிக் கசட்டைக் காற்றோட்டத்தில் எரித்தால் கால்சியம் குரோமேட் உண்டாகும். கசட்டைக் குப்பையோடு போட்டுக் கொளுத்துவது சாதுவாக இருந்ததை நஞ்சாக்கும் வேலை. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

இன்னொன்று மாங்கனீசு ஆக்சைடு. ஈயத்தையும் கோபால்ட்டையும் அவ்வளவு அழகாகப் பிடிக்கும் அதே கருப்புக் கனிமம், மூன்று இணைதிற குரோமியத்தைத் தொட்டால் ஆறாக மாற்றிவிடும். மண்ணில் இதைச் செய்யும் ஆற்றல் அதற்கு உண்டு என்று 1979இலேயே காட்டியிருக்கிறார்கள். சுகிந்தா தண்ணீரில் ஆறு இணைதிற குரோமியம் இயற்கையாகவே வருவதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணமும் இதுதான். எல்லாம் ஒரேயடியாக மாறிவிடாது. பழசாகி இறுகிய குரோமியக் கனிமம் மெதுவாகத்தான் மாறும், மண்ணிலுள்ள மக்கிய பொருள்கள் ஆறைத் திரும்ப மூன்றாகவும் ஆக்கும். எந்தப் பக்கம் சாயும் என்பது மண்ணுக்கு மண் வேறு.

நாள் ஆக ஆகக் கசடு பாதுகாப்பாகிவிடுமா?

சிலது ஆகும், சிலது ஆகாது. ஃபெரிஹைட்ரைட்டும் ஷ்வெர்ட்மனைட்டும் நிலையில்லாதவை. மாதங்கள், வருடங்கள் போகப் போக கோதைட், ஹேமடைட் என்று இறுகிய கனிமங்களாக மாறும். நம் வீட்டு வாசலில் பட்டை அடிக்கும் காவியின் நிறம் அந்த ஹேமடைட்தான். மாறும்போது மேற்பரப்பு சுருங்கும். உள்ளே போய் உட்கார்ந்த உலோகம் இன்னும் இறுகும், வெளியே ஒட்டிக்கொண்டிருந்தது இடமில்லாமல் தண்ணீருக்குத் திரும்பலாம். ஷ்வெர்ட்மனைட் கோதைட்டாகும்போது அமிலமும் வெளியே விடும். அதனால்தான் முதல் வருடம் நல்ல ரிப்போர்ட் வந்த கசட்டையும் அடுத்தடுத்த வருடங்களில் சோதிக்கச் சொல்கிறேன்.

ரிப்போர்ட்டில் "மொத்தக் குரோமியம்" என்று பெரிய எண் இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

அந்த எண் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் சொல்லும், எப்படி இருக்கிறது என்று சொல்லாது. கசிவுச் சோதனை ஒன்று உண்டு. டிசிஎல்பி என்பார்கள். கசட்டைப் போல 20 மடங்கு அசெட்டிக் அமிலக் கரைசலில் 18 மணி நேரம் சுழற்றி, கரைந்து வந்ததை அளப்பது. 2016ஆம் வருட அபாயகரமான கழிவு விதிகளின்படி குரோமியமும் ஈயமும் லிட்டருக்கு 5 மில்லிகிராம், காட்மியம் 1 மில்லிகிராம் என்பது வரம்பு.

இதில் பாஸ் ஆனால் போதும் என்று நிறையப் பேர் நிம்மதியாகிவிடுகிறார்கள். எனக்கு அந்த நிம்மதி இல்லை. அது குப்பைமேட்டுச் சூழலை மனதில் வைத்துச் செய்த சோதனை. காரத்தில் கிடக்கும் குரோமேட் மேட்டுக்கும், காற்றில்லாத சேற்றுக்கும் அது முழுதாகப் பொருந்தாது. முடிந்தால் படிப்படியாகப் பிரித்தெடுக்கும் சோதனையும் கேளுங்கள். முதலில் உப்புக் கரைசல், பிறகு லேசான அமிலம், அப்புறம் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடைக் கரைக்கும் மருந்து, அடுத்து மக்கிய பொருளையும் சல்ஃபைடையும் உடைக்கும் மருந்து, கடைசியில் எல்லாவற்றையும் கரைக்கும் அமிலம். முதல் இரண்டு படியிலேயே நிறைய வந்தால் அது கவலை. கடைசிப் படியில் வந்தால் உலோகம் நன்றாகச் சிறைப்பட்டிருக்கிறது. ஆறு இணைதிற குரோமியத்தை மட்டும் தனியாக அளக்கச் சொல்லுங்கள், எப்போதும்.

கசட்டைத் தொட்டியிலேயே விட்டுவிட்டால் என்ன?

2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டையில் ஒரு கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். வேதியியல் எல்லாம் அப்புறம். கசடு முதலில் எடை. ஈரக் கசட்டில் பெரும்பகுதி தண்ணீர்; அதைப் பிழிந்து, உலர்த்தி, அடியில் விரிப்பு போட்டு, மேலே மூடிய நிலப்புதைப்புக்கு அனுப்பியே ஆக வேண்டும். சுரங்கங்களில் படிந்த கசட்டின் ஒரு பகுதியைத் திரும்பத் தொடக்கத் தொட்டிக்கே அனுப்பி, அடர்த்தியாகப் படியவைக்கிறார்கள். அளவு வெகுவாகக் குறைகிறது.

நிலத்துக்கு உரமாகப் போடலாமா? இலவசமாகத் தருகிறோம் என்கிறார்கள்.

வேண்டாம். குரோமியத்தை விடுங்கள், அதிலுள்ள உப்பே நிலத்தைப் பாழாக்கும். மேலே சொன்ன மாங்கனீசுக் கதையும் இருக்கிறது. நிலத்தில் கலந்ததைத் திரும்பப் பொறுக்கி எடுக்க முடியாது. 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. நாட்டுக்கே முன்னுதாரணமான அந்தத் தீர்ப்பு வந்த மண்ணில், கழிவை அப்புறப்படுத்தும் செலவை ஒரு விவசாயி தன் நிலத்தைக் கொடுத்து ஏற்பதா?

செங்கல்லில் கலக்கலாமா?

சுட்டால் ஆறாக மாறும் ஆபத்து இங்கேயும் உண்டு. சுட்ட கல்லைப் பொடித்து ஆறு இணைதிற குரோமியம் கசிகிறதா என்று பார்க்காமல் வீடு கட்ட வாங்க வேண்டாம்.

கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால், படிகாரம் போட்டால் குரோமியம் போகுமா?

காய்ச்சினால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும். படிகாரம் ஆறு இணைதிற குரோமியத்தைப் பெரிதாகத் தொடாது. ஆர்.ஓ. பெரும்பகுதியை எடுத்துவிடும், ஆனால் அது கழித்துவிடும் தண்ணீரில் குரோமியம் சேர்ந்திருக்கும். அதைக் கீரைப்பாத்திக்கு விடாதீர்கள். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது.

பாலாற்றில் வெள்ளம் வந்தால் எல்லாம் கழுவிப் போய்விடாதா?

2021 நவம்பரில் கரை புரண்டு ஓடியதைப் பார்த்தோம். வெள்ளம் உப்பை அலசும், கிணறுகளில் புதுத் தண்ணீர் ஏறும், அது நல்லதுதான். ஆனால் உலோகம் நுண்ணிய களிமண்ணோடும் இரும்புத் துருவோடும் ஒட்டியிருப்பது. அந்தத் துகளோடு சேர்ந்து கிளம்பி, வேகம் குறையும் இடத்தில், ஏதோ ஒரு ஏரி வாயிலிலோ தடுப்பணைக்குப் பின்னாலோ படியும். மணலைச் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை. மணலுக்குள் இருக்கும் நுண்ணிய வண்டலைச் சலித்துச் சோதிக்க வேண்டும்.

சோதனைக்குச் சாம்பிள் எப்படி எடுப்பது?

வருகிறவர்களில் பாதிப் பேர் தப்பு செய்வது இதில்தான். கசட்டை வெயிலில் காயவைத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார்கள். காய்ந்தபோதே காற்றுப் பட்டுச் சல்ஃபைடு உடைந்திருக்கும், இரும்பு மாறியிருக்கும். நான் அளப்பது அவர்கள் நிலத்தில் கிடக்கும் கசட்டை இல்லை. ஈரமாகவே எடுங்கள். இரும்புக் கரண்டி வேண்டாம், பிளாஸ்டிக் கரண்டி போதும். வாய் அகலமான பிளாஸ்டிக் பாட்டிலில் மேலே காற்று நிற்காமல் விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி, இடத்தையும் ஆழத்தையும் நேரத்தையும் எழுதி ஒட்டுங்கள். ஐஸ் போட்ட தெர்மகோல் பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சளாகத் தண்ணீர் தெரிந்தால் அதையும் தனிப் பாட்டிலில், அமிலம் எதுவும் சேர்க்காமல், எடுத்த 24 மணி நேரத்துக்குள் சோதனைச் சாலையில் சேர்த்துவிடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் எடுக்காதீர்கள், திங்கள்கிழமைக்குள் நேரம் கடந்துவிடும்.